6295-இல் நள்ளிரவில் கேட்டது பைரேட் ரேடியோவா?

குடியாத்தம் செல்வா:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட். வீடு வந்து சேர இரவு ஒன்றரை ஆகிவிடும். உடனே தூக்கம் வராது, மொட்டை மாடியில் உட்கார்ந்து சிற்றலையைத் திருப்பிக்கொண்டிருப்பேன். இலங்கை வானொலிக்காகவே ரேடியோ வாங்கியவர் எங்கள் அப்பா. அவர் போய்விட்டார், பழக்கம் மட்டும் என்னிடம் நின்றுவிட்டது. இப்போது இருப்பது அலைவரிசையை எண்ணாகக் காட்டும் சின்ன செட்.

போன சனிக்கிழமை இரவு 2 மணி இருக்கும். 6295 கிலோஹெர்ட்ஸில் பாட்டு, நடுவில் ஒருவர் பேசுகிறார். மொழி புரியவில்லை. சத்தம் அலை மாதிரி ஏறுகிறது, இறங்குகிறது. ஐரோப்பாவில், முக்கியமாக ஹாலந்து பக்கம், சனி ஞாயிறுகளில் லைசென்ஸ் இல்லாமல் வீட்டிலிருந்தே சின்ன டிரான்ஸ்மிட்டர் வைத்து ஒலிபரப்புகிறார்கள், அதைத்தான் பைரேட் ரேடியோ என்பது, 6200-க்கும் 6400-க்கும் நடுவில்தான் அவர்கள் இருப்பார்கள் என்று படித்திருக்கிறேன். 50 வாட், 100 வாட் என்கிறார்கள். எங்கள் வீட்டு மிக்ஸி 500 வாட். அவ்வளவு சின்னது குடியாத்தம் வரை வருமா? நான் கேட்டது அதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூன்று நாளாக வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

காட்பாடி மெக்கானிக்:

தம்பி, வரும். ஆனால் நீ கேட்டது அதுதானா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முப்பது வருடம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன், பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்களுக்கான ஹாம் லைசென்ஸும் உண்டு. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

விலை குறைந்த செட்டுகளில் பல, வரும் சிக்னலை ஒரே தடவை 455 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றுபவை. அதற்காகச் செட்டுக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர், நீ வைத்த எண்ணுக்கு 455 மேலே நிற்கும். அதற்கும் 455 மேலே ஒரு பலமான நிலையம் இருந்தால் அதுவும் அதே வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். இமேஜ் என்போம். கணக்குப் போட்டுப் பார்: 6295-உடன் 910 கூட்டினால் 7205. அது 41 மீட்டர் பேண்ட், நூற்றுக்கணக்கான கிலோவாட்டில் பெரிய நிலையங்கள் ஓடுகிற இடம். அடுத்த முறை அந்தப் பாட்டு கேட்டால் உடனே 7205-க்குப் போ. அங்கே அதே குரல் இன்னும் பலமாக இருந்தால் நீ கேட்டது நிழல்தான்.

இரண்டாவது சோதனை: ஹாலந்தில் ட்வென்டி பல்கலைக்கழகம் ஒரு ரிசீவரை இணையத்தில் வைத்திருக்கிறது, யாரும் மொபைலிலேயே திருப்பிக் கேட்கலாம். அதிலும் உன் செட்டிலும் ஒரே பாட்டு ஓடினால் பிறகு பேச்சே இல்லை. இணையத்தில் வருவது கொஞ்சம் பிந்தி வரும், அதைக் கண்டு குழம்பாதே.

நேரமும் முக்கியம். 6 மெகாஹெர்ட்ஸ், அதாவது 6000 கிலோஹெர்ட்ஸ் பக்கத்து அலை, பகல் வெளிச்சத்தில் தூரம் போகாது. வானத்தில் கீழே இருக்கும் டி அடுக்கு விழுங்கிவிடும். ராத்திரி அந்த அடுக்கு கரைந்துவிடும், மேலே உள்ள எஃப் அடுக்கில் பட்டுப் பட்டு ஏறக்குறைய எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி இங்கே விழும். டிசம்பரில் அவர்களுக்குச் சூரியன் மறையும்போது நமக்கு இரவு 9 மணி. அதிலிருந்து நம் விடியல் வரை வழி முழுக்க இருட்டு. விடிவதற்கு முந்தைய அரை மணி நேரம்தான் தங்கமான நேரம். சனி ராத்திரி முழித்து ஞாயிறு விடிகாலை ஆறு மணிக்குக் கேள்.

ஆரணி டீச்சர்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வீட்டு இரைச்சலைக் குறைக்காமல் 50 வாட்டைத் தேடிப் பயனில்லை. செட்டை பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டு மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்படிச் செய்தபோதுதான் இன்வெர்ட்டரும் ஒரு எல்இடி பல்பும் சேர்ந்து எவ்வளவு கத்துகின்றன என்று தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சத்தத்தை நாம் அணைக்க முடியாது. ஊருக்கு வெளியே போவதுதான் வழி. நட்சத்திரம் பார்க்க இருட்டு வேண்டும் என்று ஜவ்வாது மலையில் காவலூரைத் தேடிப் போய்த் தொலைநோக்கி வைத்தார்களே, நமக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். ஏரியலுக்குக் கம்பி 15, 20 மீட்டர் இருந்தால் போதும், மின்கம்பத்துக்குப் பக்கத்தில் மட்டும் கட்ட வேண்டாம்.

பாலாற்றங்கரை:

நாமே இப்படி ஒன்று வைத்துத் தமிழ்ப் பாட்டு போட்டால் என்ன அண்ணா? 20 வாட் போதாதா?

காட்பாடி மெக்கானிக்:

வேண்டாம் தம்பி. இங்கே லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம், ஐரோப்பாவிலும் பிடிபட்டால் கருவியைப் பறித்து அபராதம் போடுகிறார்கள். டிரான்ஸ்மிட்டர் மேல் ஆசை இருந்தால் ஹாம் தேர்வு எழுது. அதில் பாட்டுப் போட முடியாது. ஆனால் நீயே கட்டிய பெட்டியில் உன் குரல் வேறு நாட்டுக்குப் போய்ச் சேரும்.

குடியாத்தம் செல்வா:

அண்ணா, டீச்சர், இரண்டு வாரம் கழித்து வருகிறேன்.

முதலில் கெட்ட செய்தி. போன சனிக்கிழமை 6295-இல் அதே குரல் வந்தது. 7205-க்குப் போனேன், அங்கே அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தார். நிழலேதான். அன்று மனது மிகவும் கஷ்டப்பட்டது.

நேற்று ஒடுகத்தூர் பக்கம் மாமா நிலத்துக்குப் போய்விட்டேன். கிணற்று மோட்டார் ஓடவில்லை, விளக்கும் இல்லை. 20 மீட்டர் ஒயரில் கல்லைக் கட்டிப் புளியமரத்தில் வீசி, மறு முனையைச் செட்டின் ஏரியலில் சுற்றினேன். திருப்பியதும் நம்ப முடியவில்லை, பின்னணி அவ்வளவு அமைதி. வீட்டில் இத்தனை வருடம் நான் கேட்டதெல்லாம் எங்கள் தெருவைத்தான் போலிருக்கிறது. ஐந்து மணி வரை ஒன்றும் இல்லை. மாமா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். 6.12-க்கு 6285-இல் மெல்ல ஒரு கிடார் சத்தம். கை நடுங்கியது. 910 கூட்டி 7195-க்குப் போனேன், அங்கே ஒன்றுமே இல்லை. மொபைலில் ட்வென்டியைத் திறந்தேன். அதே பாட்டு, கொஞ்சம் பிந்தி. ஒரு காதில் ஹாலந்தில் விழுவது, மறு காதில் புளியமரத்தில் விழுவது. 6.30-க்குக் கிழக்கே வெளுத்ததும் கரைந்து போய்விட்டது.

ஈமெயில் முகவரி சொன்னார்கள். என் செட்டில் பாதிதான் கேட்டது, ட்வென்டியில் முழுதாகக் கிடைத்தது. இங்கே எப்படிக் கேட்டது என்று அவர்களுக்கு ரிப்போர்ட் எழுத வேண்டும். எப்படி எழுதுவது?

காட்பாடி மெக்கானிக்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. நேரத்தை உலகப் பொது நேரமான யுடிசியில் போடு, நம் நேரத்தில் ஐந்தரை மணி கழித்தால் 6.12 என்பது 00.42. உன் செட்டில் கேட்டதை மட்டும் எழுது, பாட்டு, பேச்சு, எந்த நிமிடம் மங்கியது, எல்லாம். முகவரியை ட்வென்டியில் எடுத்தேன் என்று மறைக்காமல் சொல். புளியமரத்தையும் ஒயர் நீளத்தையும் எழுது, அவர்களுக்கு அதுதான் வேண்டும். பதிவு செய்திருந்தால் ஒரு நிமிடம் சேர்த்து அனுப்பு.