சிறிய நாய்க்குக் காய்கறி: சாம்பார்க் காயை அலசிக் கொடுக்கலாமா?

கேள்வி (கரூரிலிருந்து)

வணக்கம். எங்கள் வீட்டில் நான்கு கிலோ எடையுள்ள பொமரேனியன் நாய் இருக்கிறது. எடை சற்றுக் கூடிவிட்டதால், சோற்றைக் குறைத்துக் காய்கறி சேர்க்குமாறு மருத்துவர் கூறினார். பச்சைக் கேரட்டை வட்டமாக நறுக்கிக் கொடுத்தால் ஆசையாகத் தின்கிறது. ஆனால் மறுநாள் மலத்தில் அதே துண்டுகள் அப்படியே வெளிவருகின்றன. சாம்பாரில் வெந்த காய்களை எடுத்து, காரம் போக வெந்நீரில் அலசிக் கொடுக்கலாம் என்கிறார் என் மாமியார். அது பாதுகாப்பானதா? எந்தக் காயை எவ்வளவு கொடுக்கலாம்?

மறுமொழி 1

சாம்பார்க் காயைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அலசினால் காரமும் உப்பும் ஓரளவு குறையலாமே தவிர, காய்க்குள் ஊறிய வெங்காயம், பூண்டு ஆகியவற்றின் சாறு போகாது. அவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்குகின்றன. வேகவைத்தாலும், வதக்கினாலும், பொடியாக்கினாலும் அந்த நஞ்சு அழிவதில்லை. உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் வெங்காயத்தை ஒரே வேளையில் தின்றாலே ஆபத்து என்று கால்நடை மருத்துவ நூல்கள் கூறுகின்றன. உங்கள் நாய்க்கு அது 20 கிராம், அதாவது ஒரு சில சின்ன வெங்காயங்கள்தான். அதைவிடக் குறைவாகவே இருந்தாலும், நாள்தோறும் தொடர்ந்தால் பாதிப்பு சேர்ந்துகொண்டே போகும்.

புளியையும் பலர் கவனிப்பதில்லை. திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதடைவதற்கு அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்று இப்போது கருதப்படுகிறது. அதே அமிலம் புளியில் மிகுதியாக இருக்கிறது. புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. ஆகவே ரசம், புளிக்குழம்பு எதுவும் வேண்டாம்.

இதற்காகத் தனிச் சமையல் தேவையில்லை. குழம்புக்குக் காயை வேகவைக்கும்போது உப்பு, வெங்காயம், புளி எதுவும் சேர்ப்பதற்கு முன்பே நாயின் பங்கைத் தனியே எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள். மாமியாரின் விருப்பமும் நிறைவேறும்.

மறுமொழி 2

கேரட் துண்டுகள் அப்படியே வெளிவருவது நோயன்று. நாய் மென்று அரைக்காமல் விழுங்கிவிடும் உயிரினம். பச்சைக் காயின் செல்சுவரை உடைக்கும் திறனும் அதன் குடலுக்குக் குறைவு. எனக்குக் கவலை தருவது அந்த வட்டத் துண்டுதான், ஏனெனில் சிறிய இன நாயின் தொண்டையில் அது சிக்கிக்கொள்ளக்கூடும். குழைய வேகவைத்து மசித்தே கொடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, வழக்கமான உணவுக்கு வெளியே தரும் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைய கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நான்கு கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கலோரி போதும் என்றால், இப்பங்கு 30 கலோரி. 100 கிராம் கேரட்டில் 41 கலோரிதான் இருக்கிறது. ஆனாலும் முதலில் ஒரு தேக்கரண்டி மசியலுடன் தொடங்கி, மலம் இளகாமல் இருக்கிறதா என்று சில நாள் பார்த்த பிறகே கூட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரே புதிய காய் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வாதது எது என்பது உடனே தெரிந்துவிடும்.

மஞ்சள் பூசணி, பீன்ஸ், கேரட் மூன்றும் நல்லவை. எடை குறைய பீன்ஸ் மிகவும் உதவும். முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் வாயுவை உண்டாக்கும். பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கு, நார் நிறைந்த முருங்கைக்காய்த் தோல், குடலை அடைக்கும் மக்காச்சோளக் கதிரின் நடுத்தண்டு ஆகியவற்றை அறவே தவிருங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இன்று முதல் தனியே எடுத்து வைக்கிறோம். ஒருவேளை கீழே சிந்திய வெங்காயத்தைத் தின்றுவிட்டால், எந்த அறிகுறியைப் பார்க்க வேண்டும்?

மறுமொழி 1

அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள், ஏனெனில் ஈறு வெளிறுதல், சிறுநீர் செம்பழுப்பாதல், மூச்சிரைப்பு, சோர்வு ஆகியவை பெரும்பாலும் சில நாள்கள் கழித்தே தெரியவரும். தின்ற ஓரிரு மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் மருத்துவர் வாந்தி எடுக்கச் செய்து பெரும்பகுதியை வெளியேற்ற முடியும். வீட்டில் உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம்; அந்த உப்பே உயிருக்கு ஆபத்தாகலாம். முதலில் உங்கள் மருத்துவரைத் தொலைபேசியில் அழையுங்கள். அவர் கிடைக்காவிட்டால், கரூரிலிருந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொலைவில் இல்லை. என்ன தின்றது, எவ்வளவு, எப்போது என்பவற்றுடன் நாயின் தற்போதைய எடையையும் சொல்லுங்கள்.