குடும்பமும் சரக்கும் ஒரே வண்டியில: டபுள் கேப் பிக்கப் எடுக்கலாமுங்களா?

குண்டடம் தோட்டத்தான்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. வீடு சரவணம்பட்டியில, தோட்டம் குண்டடத்துக்குப் பக்கம். வாராவாரம் பல்லடம் வழியா போய்ட்டு வரோணும். கார் பழசாயிருச்சு. அதைக் குடுத்துட்டு முன்னால அஞ்சு பேர் உக்கார்ற, பின்னால சரக்குத் தொட்டி இருக்கற டபுள் கேப் பிக்கப் ஒண்ணு புதுசா எடுக்கலாம்னு இருக்கறேனுங்க. ஊருக்குள்ள நெரிசல், பல்லடம் ரோடு, தோட்டத்துக்குப் போற இட்டேரி, மழை பேஞ்சா கரிசல் சேறு, அப்பப்ப வால்பாறை. எல்லாத்துக்கும் இந்த ஒரு வண்டிதான். வீட்டுல அப்பா, அம்மா, நான், சம்சாரம், ஸ்கூல் போற பையன். இசூசு வி-கிராஸ் ஃபோர் வீல் டிரைவா, டொயோட்டா ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக்கா? ரெண்டுல எதுன்னு சொல்லுங்க.

தாளவாடி மேட்டுக்காடு:
வி-கிராஸ் எடுங்க தம்பி. 1.9 லிட்டர் டீசல், 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் இழுவை. திம்பத்துல 27 கொண்டை ஊசியும் சரக்கோட ஏறி இறங்கறவன் நான். அதுக்கு மேல சக்தி இருந்தா நல்லதுதான், ஆனா தேவைப்பட்டதில்லை. ஓடிட்டிருக்கும்போதே குமிழைத் திருப்பி நாலு சக்கரத்துக்கும் மாத்திக்கலாம். இட்டேரிச் சேத்துக்கு அது போதும். மிச்சமாகற காசுல தோட்டத்துக்கு ஒரு போர்வெல் போடலாம்.

ஈரோடு பெரியவலசு:
அண்ணா சொல்றது மலைக்குச் சரிங்க, ஆனா தம்பி கேக்கறது கலவையான ஓட்டம். ஹைலக்ஸ்ல இருக்கறது ஃபார்ச்சூனர்ல வர்ற அதே 2.8 லிட்டர் எஞ்சின். 204 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக்ல 500 நியூட்டன் மீட்டர், மேனுவல்ல 420. பல்லடம் நெரிசல்ல கிளட்ச் மிதிச்சு மிதிச்சு முழங்கால் போறதுக்கு ஆட்டோமேட்டிக் எவ்வளவோ மேல். பின் அச்சுல டிஃபரென்ஷியல் லாக் இருக்கு. ஒரு சக்கரம் சேத்துல சுத்திட்டே நின்னாலும் இன்னொரு சக்கரம் இழுத்துட்டு வந்துரும். ஏழு ஏர்பேக். இதுல பணம் பாக்காதீங்க.

பொள்ளாச்சி தென்னந்தோப்பு:
ரெண்டு பேரும் நகரத்து ஷோரூம்லயே நிக்கறீங்க. தோட்டத்துக்குச் சரக்கு ஏத்தோணும்னா பொலிரோ கேம்பர் எடுக்கோணும். அஞ்சு சீட்டு, ஏசி போட்டும் வருது, தொட்டியில 1000 கிலோ. வி-கிராஸ் விலையில பாதி கூட வராது. ரிப்பேர்னா கிணத்துக்கடவுலயும் ஆள் இருக்கும், குண்டடத்துலயும் ஆள் இருக்கும்.

காங்கயம் பால்பண்ணை:
தம்பி, வண்டி பேரை எல்லாரும் சொல்லிட்டாங்க. நான் ரெண்டு சங்கதி கேக்கறேன். தொட்டியில என்னத்தைப் போடப் போறீங்க, எத்தனை மூட்டை? அப்பாவுக்கு முழங்கால் எப்படி இருக்கு? இது தெரியாம இவங்க எல்லாம் குதிரைத்திறனைப் பேசிட்டு இருக்காங்க.

குண்டடம் தோட்டத்தான்:
அக்கா, மாட்டுத் தீவனம் எட்டு மூட்டை, அம்பது கிலோ மூட்டைங்க. வரும்போது உரிச்ச தேங்காய், சில வாரம் ஆயிரம் காய் வரைக்கும். நடுவுல சொட்டுநீர்ப் பைப்பு, மோட்டார் ரிப்பேருக்குக் கொண்டுபோறது. ஞாயித்துக்கிழமை குடும்பத்தோடதான் போவோம், அதே நடையில சரக்கும். அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்குதுங்க. கார்லயே கதவைப் பிடிச்சுத்தான் இறங்குவாரு.

பீளமேடு பட்டறை:
இப்பத்தான் கேள்வி தெளிவாச்சு. கணக்கு போடுங்க. அஞ்சு பேர், சராசரி அறுவது கிலோன்னு வச்சாலும் 300. எட்டு மூட்டை 400. ஆக 700. திரும்பி வரும்போது உரிச்ச காய் ஆயிரம்னா 500-லிருந்து 600 கிலோ, கூட ஆளும் சேர்த்தா 900 வரைக்கும் போகுது. இப்ப எந்த ஷோரூமுக்குப் போனாலும், அந்த மாடலோட ஆர்.சி.-யில (பதிவுச் சான்று) காலி எடையும் மொத்த எடையும் என்னன்னு கேளுங்க. அந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்துலதான் ஆளும் சரக்கும் அடங்கோணும். இதே வண்டிக ஆஸ்திரேலியாவுல ஒரு டன் ஏத்தற வகையா ஓடுது. நம்ம ஊர்ல தனியார் பதிவுல வர்ற வண்டிக்குக் காகிதத்துல கிடைக்கறது சில நூறு கிலோதான். எஞ்சினுக்குச் சக்தி இல்லாம இல்லீங்க, பதிவு அப்படி. அளவுக்கு மேல ஏத்திப் புடிபட்டா மோட்டார் வாகனச் சட்டத்தோட 2019 திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாயில ஆரம்பிக்குது. அதை விட, விபத்து நடந்தா இன்சூரன்ஸ்காரன் இதைத்தான் முதல்ல பாப்பான்.

தாளவாடி மேட்டுக்காடு:
பட்டறைக்காரரே, இந்தப் பக்கம் எல்லாரும் ஏத்தறாங்க. பின்னால இருக்கற ஸ்பிரிங் பட்டையும் ஆக்ஸிலும் தாங்குது.

பீளமேடு பட்டறை:
தாங்கறது வேற, காகிதம் வேற. பிரேக்கும் இருக்குங்க. வி-கிராஸ், ஹைலக்ஸ் ரெண்டுலயும் பின்னால ட்ரம் பிரேக்தான். அளவுக்கு மீறி ஏத்திட்டு வால்பாறையில இருந்து ஆழியாறு வரைக்கும் 40 வளைவு இறங்கும்போது காலை பிரேக்லயே வச்சிருந்தா சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். கியரைக் குறைச்சுத்தான் இறங்கோணும். குடும்பம் உள்ள இருக்கும்போது இதை லேசா எடுத்துக்கக் கூடாது.

பொள்ளாச்சி தென்னந்தோப்பு:
அதனாலதான் கேம்பர்னு சொன்னேன். சரக்கு வண்டியாவே பதிவாகுது, ஏத்தறதை நியாயமா ஏத்தலாம். லைசென்ஸ் பத்திக் கவலைப்படாதீங்க. கார் ஓட்டற சாதா லைசென்ஸ் வச்சே 7,500 கிலோவுக்குள்ள இருக்கற சரக்கு வண்டியை ஓட்டலாம்னு உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர்ல சொல்லிருச்சு.

ஈரோடு பெரியவலசு:
லைசென்ஸ் சரி, மத்ததையும் சொல்லுங்க. மஞ்ச போர்டு. முதல் எட்டு வருசம் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), அதுக்கப்புறம் வருசா வருசம். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80-ல நிறுத்தும். 75 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர். நாலுவழிச் சாலையில பின்னால பஸ் ஹாரன் அடிச்சுட்டு வரும்போது பையனை உள்ள வச்சுட்டு ஓட்டிப் பாத்தாத் தெரியும். தனியார் வண்டிக்கு 2025 ஆகஸ்ட் 15-ல வந்த ஃபாஸ்டேக் வருசப் பாஸும் இதுக்குக் கிடையாது. வந்தப்ப 3,000 ரூபாய்க்கு 200 தடவை. விஜயமங்கலம், கணியூர் டோல்கேட்ல அடிக்கடி போறவனுக்கு அது பெரிய காசு.

பொள்ளாச்சி தென்னந்தோப்பு:
தம்பி போறது பல்லடம் ரோடு. அங்க 80-க்கு மேல போறவனைத்தான் தடுக்கோணும். தோட்டத்துக்காரனுக்கு வேகம் எதுக்குங்க? மாட்டுக்குத் தீவனம் பொழுதுக்குள்ள போய்ச் சேந்தாப் போதும்.

ஈரோடு பெரியவலசு:
வேகத்துக்காகக் கேக்கலை. முந்தும்போது சட்டுனு முந்தி ஒதுங்கறதுக்கும், இடிச்சா உள்ள இருக்கறவங்க பொழைக்கறதுக்கும் கேக்கறேன். வி-கிராஸோட மேல் மாடல்லயே ஆறு ஏர்பேக் வருது. கேம்பர் எடுக்கறவங்க ஏர்பேக் எத்தனைன்னு கேட்டு எழுதி வாங்கிட்டு வாங்க, அப்புறம் பேசலாம். குடும்பத்தை ஏத்தற வண்டியில இது பேரம் பேசற விசயம் இல்லை.

காங்கயம் பால்பண்ணை:
இதுல நான் ஈரோட்டுத் தம்பி பக்கம். ஆனா அவரு சொல்ற வண்டியும் வேண்டாம்ங்கறேன். டபுள் கேப்ல பின் சீட்டு முதுகு நட்டமா நிக்கும், சாய்க்க முடியாது. உசரமான வண்டி, பின்னால பட்டை. வெறும் தொட்டியோட போனா ஒவ்வொரு குழியிலயும் தூக்கிப் போடும். முழங்கால் வலிக்காரரை அதுல ஏத்தி இறக்கி, குண்டடம் வரைக்கும் உக்கார வச்சா, ரெண்டு மாசத்துல அவரு "நீங்க போய்ட்டு வாங்க"ன்னு வீட்டுலயே தங்கிருவாரு. தோட்டத்தை உருவாக்குனது அவரு. அவரு வர முடியாத வண்டி எதுக்கு?

நான் சொல்றது ரெண்டு வண்டி. குடும்பத்துக்கு இறங்கி ஏற வசதியான கார் ஒண்ணு. தோட்டத்து வீட்டுச் சாளையில ஒரு பழைய சின்ன பிக்கப், ரெண்டு பேர் கேபின், நீளத் தொட்டி. வி-கிராஸ் விலைக்குள்ள ரெண்டும் முடியும். தீவனம் எட்டு மூட்டைன்னா கடைக்காரங்களே டாடா ஏஸ்ல கொண்டாந்து இறக்கிருவாங்க, கேட்டுப் பாருங்க.

தாளவாடி மேட்டுக்காடு:
அம்மணி, ரெண்டு வண்டின்னா ரெண்டு இன்சூரன்ஸ், ரெண்டு பேட்டரி, ரெண்டு செட்டு டயர். வாரத்துல ஒரு நாள் ஓடற வண்டி நின்னு நின்னே கெட்டுப்போகும். தோட்டத்துல எலி ஒயரைக் கடிக்கும். எங்க மலையில சத்தி சந்தைக்கு இறங்குனா, காட்டைத் தாண்டி ஆளும் சரக்கும் ஒரே நடையில போய்ட்டு வரோணும். ஒரே வண்டியில ரெண்டும் நடக்கறது சவுகரியமுங்க. அது இல்லாம இருந்து பாத்தவங்களுக்குத்தான் அருமை தெரியும்.

காங்கயம் பால்பண்ணை:
உங்க மலைக்கு நீங்க சொல்றது ஞாயம்தான். இவரு இருக்கறது சரவணம்பட்டி. வண்டி நீளம் ரெண்டுமே 5.3 மீட்டர்கிட்ட. இன்னோவா கிரிஸ்டாவே 4.7 சொச்சம்தான். ஆர்.எஸ்.புரத்துல எங்க நிறுத்துவாரு? அபார்ட்மென்ட் தூண்களுக்கு நடுவுல வால் வெளிய நிக்கும். இன்னொண்ணு, சொட்டுநீர்ச் சுருள் சரி, பி.வி.சி. பைப்பு 20 அடி. தொட்டி அஞ்சு அடி. வண்டிக்கு வெளிய நீட்டிட்டுப் போனா அதுக்கும் 20,000 ரூபாய் அபராதம் இருக்கு. தோட்டத்துச் சாமானுக்கே பத்தாத தொட்டி.

பீளமேடு பட்டறை:
யாரும் சொல்லாத ஒண்ணு. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வர்ற பி.எஸ்.6 டீசல் வண்டியில புகைக்கரியைப் பிடிக்கற வடிகட்டி இருக்கு, டி.பி.எஃப். ஸ்கூல், கடைன்னு சரவணம்பட்டிக்குள்ளயே நாலு கிலோமீட்டர் ஓட்டிட்டு நிறுத்துனா கரி சேந்துட்டே போகும். சூடாகி எரிஞ்சு சுத்தமாக, நீளமா ஒரே வேகத்துல ஓடோணும். தம்பி வாராவாரம் குண்டடம் போறதுனால அந்த ஓட்டம் கிடைச்சுரும், பயமில்லை. டேஷ்போர்டுல அதுக்கான விளக்கு எரிஞ்சா மட்டும் கண்டுக்காம இருக்காதீங்க.

ஃபோர் வீல் பத்தியும் சொல்லிடறேன். ரெண்டு வண்டியிலயும் தேவைக்குப் போட்டுக்கற வகைதான், முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல, சக்கர வேக வித்தியாசத்தைச் சமாளிக்கற டிஃபரென்ஷியல் கிடையாது. காஞ்ச தார் ரோட்டுல அதைப் போட்டுட்டு வளைச்சா கியர்ப்பெட்டிக்குள்ள முறுக்கு ஏறும். சேறு, மணல், ஈர மண் இதுக்கு மட்டும். இட்டேரிச் சேத்துக்கு முதல்ல வேண்டியது டயர். ரோட்டு டயரோட ஃபோர் வீல் இருந்தும் கரிசல்ல உக்காந்த வண்டிகளை டிராக்டர் வச்சு இழுத்திருக்கோம்.

ஈரோடு பெரியவலசு:
டயர் விசயம் நூத்துக்கு நூறு. விலை பத்தி ஒண்ணு: சரக்கு வகை வண்டிகளுக்கு 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதம் ஆச்சு. பழைய விலைப்பட்டியலை வச்சுப் பேசாதீங்க. ஹைலக்ஸோட அடுத்த தலைமுறையை 2025 நவம்பர்ல தாய்லாந்துல காட்டிட்டாங்க, இங்க வி-கிராஸும் பழைய தலைமுறைதான். அவசரம் இல்லேன்னா கொஞ்சம் பொறுக்கலாம்.

குண்டடம் தோட்டத்தான்:
எல்லாருக்கும் நன்றிங்க. எந்த வண்டின்னு கேட்டேன், ஞாயித்துக்கிழமை நடைதான் சிக்கல்னு இப்ப புரியுது. ஆளையும் எட்டு மூட்டையையும் ஒண்ணா வச்சா எந்தக் குடும்ப பிக்கப்பும் சட்டப்படி தாங்காது. தீவனக்கடையில கேட்டேன், இருபது மூட்டைக்கு மேல எடுத்தா அவங்களே இறக்கித் தர்றாங்களாம். மாசத்துக்கு ஒருக்கா மொத்தமா எடுத்துக்கலாம். தேங்காயை வியாபாரியே களத்துல வந்து எடுத்துக்கறேங்கறாரு, விலை மட்டும் கொஞ்சம் குறையுது. அப்படிப் பாத்தா தொட்டியில மிஞ்சறது மோட்டார், பைப்புச் சுருள், ரெண்டு மூட்டை. கேம்பருக்குத் தேவையில்லை. ஆனா காங்கயம் அக்கா சொல்ற மாதிரி வெறும் காருக்கும் மனசு ஒப்பலை. மழைக்காலத்துல அந்த இட்டேரியில கார் போகாதுங்க. அப்பாவையும் வச்சு ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்றேன்.

காங்கயம் பால்பண்ணை:
காய் விலை எவ்வளவு குறையுதுன்னு வருசத்துக்குக் கணக்குப் போட்டுப் பாத்துட்டு அதை முடிவு பண்ணுங்க. ஓட்டிப் பாக்கறது ஷோரூம் வாசல்ல ரெண்டு சுத்து சுத்தறதா இருக்கக் கூடாது. அப்பாவைப் பின் சீட்டுல உக்கார வச்சுக் குறைஞ்சது பல்லடம் வரைக்கும் போங்க. பக்கப் படி இருந்தாலும் அவரு எந்தக் கையை எங்க பிடிக்கறாருன்னு பாருங்க.

பீளமேடு பட்டறை:
வெறும் தொட்டியோடயும் ஓட்டுங்க, ரெண்டு மூட்டை வச்சும் ஓட்டுங்க. ரெண்டு ஓட்டமும் ஒண்ணா இருக்காது. ஓட்டறதுக்கு முன்னால டயர் காத்து எவ்வளவுன்னு பாத்துருங்க. சரக்குக்கு வைக்கற காத்தை வச்சு வெறும் வண்டியை ஓட்டுனா எந்தப் பிக்கப்பும் குதிக்கும், பழியை வண்டி மேல போட்டுருவீங்க.

குண்டடம் தோட்டத்தான்:
ஷோரூம்ல மூட்டை வச்சு ஓட்ட விடுவாங்களாங்க?

தாளவாடி மேட்டுக்காடு:
விட மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை நான் என் வண்டியோட புளியம்பட்டிக்கு வர்றேன். அப்பாவையும் கூட்டிட்டு அங்க வந்துருங்க. ரெண்டு மூட்டை பருத்திக்கொட்டை வாங்க வேண்டியிருக்கு, அதை வச்சே ஓட்டிப் பாருங்க. நேரம் தனித்தகவல்ல சொல்றேன்.