தனியார் சட்டப் பள்ளி அரசுப் பல்கலையோடு சேரப் போகிறதாம், படிக்கிற பிள்ளைக்கு என்ன ஆகும்?

செக்காலைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். தம்பி மகள் அமெரிக்காவில் ஒரு தனியார் சட்டப் பள்ளியில் ஜே.டி. என்கிற மூன்று வருடச் சட்டப் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அந்த மாநில அரசுப் பல்கலைக்கழகத்தோடு பள்ளியை இணைக்கப் பேச்சு நடக்கிறது என்று மெயில் வந்திருக்கிறது. எந்தப் பள்ளி என்று பொதுவில் எழுத வேண்டாம் என்கிறாள். தம்பி இங்கே காரைக்குடி வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கி அனுப்பியவன். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. படிப்பு பாதியில் நின்றுவிடுமா? கட்டணம் குறையுமா? பட்டம் யார் பெயரில் வரும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டையூர் பாண்டி:
அண்ணே, அரசு கைக்குப் போனால் நல்லதுதானே. ஃபீஸ் குறையும், பெயரும் பெரிசு. கவலையை விடுங்க.

தேவகோட்டை வக்கீல்:
பாண்டி தம்பி, அவ்வளவு சுலபமில்லை. அரசுப் பெயர் வந்த அன்றே கட்டணம் இறங்கிவிடாது. கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு 2013ல் தனிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகும் அங்கிருந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் வருடத்துக்கு 5 லட்சத்துக்கு மேல்தான். மற்ற அரசுக் கல்லூரிகளில் அப்போது 14 ஆயிரத்துக்கும் கீழே. பிள்ளைகள் வாரக்கணக்கில் போராடி, 2021ல்தான் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறி, கட்டணமும் குறைந்தது. நடுவில் படித்து முடித்தவர்கள் முழுப் பணமும் கட்டிவிட்டுத்தான் போனார்கள். எனக்கு அதுதான் மனதில் நிற்கிறது.

அமெரிக்காவிலும் இடையில் மாட்டுகிறவர்கள் உண்டு. டெக்சாஸ் ஏ அண்ட் எம் என்ற அரசுப் பல்கலைக்கழகம் 2013ல் ஃபோர்ட் வொர்த்தில் இருந்த டெக்சாஸ் வெஸ்லியன் சட்டப் பள்ளியை வாங்கியது. ஏற்கெனவே பட்டம் வாங்கிப் போனவர்கள், எங்களுக்கும் புதுப் பெயரில் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டார்கள். கொடுக்கவில்லை, வழக்கு வரை போனது. ஆகவே உங்கள் தம்பி மகள் விஷயத்தில் முக்கியமானது தேதி. அவள் மூன்றாம் ஆண்டு முடிப்பதற்குள் இணைப்பு நடந்தால் பட்டம் புதுப் பெயரில் வர வாய்ப்புண்டு; முடித்த பிறகு நடந்தால் பழைய பெயர்தான்.

இன்னொன்று, பேச்சு நடக்கிறது என்பதால் நடந்தே தீரும் என்றில்லை. ஹூஸ்டனில் ஒரு தனியார் சட்டக் கல்லூரி 1998ல் இதே ஏ அண்ட் எம்மோடு உடன்படிக்கை போட்டது. மாநில உயர்கல்வி வாரியத்தின் அனுமதி இல்லாமல் செய்தது செல்லாது என்று நீதிமன்றம் சொல்ல, இரண்டும் பிரிந்தன. மாசசூசெட்ஸில் ஒரு சட்டப் பள்ளியை அரசுப் பல்கலையில் சேர்க்கும் யோசனை 2005ல் நிராகரிக்கப்பட்டு, 2010ல்தான் நிறைவேறியது.

படிப்பு நின்றுவிடுமோ என்ற பயம் வேண்டாம். இப்படிப்பட்ட மாற்றத்துக்கு ஏ.பி.ஏ. என்கிற அமெரிக்க பார் அசோசியேஷனின் சம்மதம் வேண்டும். படித்துக்கொண்டிருப்பவர்களை என்ன செய்யப் போகிறோம் என்று பள்ளி ஏ.பி.ஏ.வுக்குக் காட்டியாக வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் பார் தேர்வு, அதாவது வக்கீலாகத் தொழில் செய்ய உரிமம் தரும் தேர்வு, எழுத ஏ.பி.ஏ. அங்கீகாரம்தான் துணை. அது ஒரு நாள்கூட விட்டுப்போகாது என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். வாய்வார்த்தை போதாது.

ஆத்தங்குடி மீனா (சிகாகோ):
ஐயா, இங்கே ஜான் மார்ஷல் என்ற பழைய தனியார் சட்டப் பள்ளி 2019ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்தோடு சேர்ந்தது. இந்த நகரத்துக்கே முதல் அரசுச் சட்டப் பள்ளி அதுதான். கட்டணம் குறைந்ததும் உண்மை, ஆனால் இல்லினாய் மாநிலத்தவருக்கு. எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் வருகிற நம் பிள்ளைகள் அந்தக் கணக்கில் வருவதில்லை. தம்பி வீட்டில் இதை இப்போதே சொல்லிவிடுங்கள், வீணாக எதிர்பார்க்க வேண்டாம். 2021ல் பள்ளியின் பெயரும் மாறிவிட்டது, யார் பெயரை வைத்திருந்தார்களோ அந்த மார்ஷல், அந்தக் கால அமெரிக்கத் தலைமை நீதிபதி, அடிமைகளை வைத்திருந்தவர் என்பதால். அப்புறம், மாணவர் விசாவுக்காகப் பள்ளி கொடுக்கிற ஐ-20 படிவத்தில் பள்ளியின் பெயர் இருக்கும். மாற்றம் வந்தால் அவள் முதலில் போக வேண்டியது வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு.

செக்காலைக்காரன்:
ரொம்ப நன்றி, வக்கீல் சார், மீனா ஆச்சி. தம்பிக்குப் படித்துக் காட்டினேன். கட்டணம் குறையாது என்பதில் வருத்தம்தான், ஆனால் படிப்பு நிற்காது என்றதும் முகம் தெளிந்தது. இணைப்பு எந்தத் தேதியிலிருந்து, ஏ.பி.ஏ. சம்மதம் எந்த நிலையில் இருக்கிறது, கடைசி ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுப் பள்ளிக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன்.

புதுவயல் ராமு:
வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். கடன் அனுமதிக் கடிதத்தில் பழைய பள்ளியின் பெயரும் கணக்கும்தான் இருக்கும். அடுத்த தவணை போவதற்கு முன்னால் பெயர் மாறினால் பணம் நிற்கும். பள்ளியிடமிருந்து பெயர் மாற்றக் கடிதம் வந்ததும் ஒரு நகலைக் கிளை மேலாளரிடம் கொடுத்து, கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே.