புகையை விட்டு நான்காம் நாள்: இந்தப் பதற்றம் எப்போது அடங்கும்?

கேள்வி: சிப்காட் ஊழியர், கடலூர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. கடலூர் சிப்காட்டில் உள்ள ஓர் ஆலையில் மூன்று ஷிப்டுகளிலும் மாறி மாறி வேலை பார்க்கிறேன். 19 ஆண்டுகளாகப் புகைத்து வந்தேன்; கடைசியில் அது ஒரு நாளைக்கு 18 சிகரெட் என்ற அளவுக்கு வந்துவிட்டது. கடந்த ஞாயிறு இரவு கடைசி சிகரெட்டை அணைத்தேன். இன்று வியாழக்கிழமை.

திங்கட்கிழமை ஒரு வேகத்தில் கடந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நெஞ்சுக்குள் இனம் தெரியாத படபடப்பும், காரணமே இல்லாத கோபமும் தொடங்கின. நேற்று மாலை என் மகள் கணக்கில் சந்தேகம் கேட்டு வந்தபோது நோட்டைப் பிடுங்கித் தரையில் வீசிவிட்டேன். அவள் அழவில்லை, பேசாமல் அதை எடுத்துக்கொண்டு பாட்டியின் அறைக்குப் போய்விட்டாள். அந்த நொடி முதல் எனக்கு நிம்மதி இல்லை. இரவு 2 மணிக்கே தூக்கம் கலைந்துவிடுகிறது. மலச்சிக்கலும் இருக்கிறது. எல்லாவற்றையும்விட வியப்பு என்னவென்றால், புகைத்த காலத்தில் இல்லாத அளவுக்கு இப்போது இருமலும் சளியும் வருகின்றன.

இரவு ஷிப்டு முடிந்து காலை 6 மணிக்கு வெளியே வந்ததும் எல்லோரும் கூடும் டீக்கடைதான் எனக்குப் பெரிய சோதனை. டீ டம்ளர் ஒரு கைக்கு வந்ததும் மறு கை தானாகச் சட்டைப் பையைத் தேடுகிறது. “ஒன்றே ஒன்று பிடி, பதற்றம் அடங்கும், பிறகு மெல்லக் குறைத்துக்கொள்ளலாம்” என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். இந்த நிலை எத்தனை நாள் நீடிக்கும்? அவர்கள் சொல்வதைக் கேட்கலாமா? மருந்துக் கடையில் கிடைக்கும் நிகோடின் சூயிங்கம் இன்னொரு பழக்கமாகிவிடாதா? இந்தக் கட்டத்தைக் கடந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: முத்தியால்பேட்டைவாசி, புதுச்சேரி

தம்பி, நான் உங்களைவிடப் பத்து வயது மூத்தவன். புகையை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நீங்கள் இப்போது இருப்பது இந்தப் பயணத்திலேயே மிகச் செங்குத்தான இடம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இரத்தத்தில் உள்ள நிகோடின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைகிறது. ஆகவே இரண்டு மூன்று நாட்களில் அது உடம்பை விட்டுப் பெரும்பாலும் போய்விடுகிறது. 19 ஆண்டுகளாக அதற்குப் பழகிய மூளை அது இல்லாமல் இயங்கக் கற்றுக்கொள்ளும் வேலையைத்தான் நீங்கள் எரிச்சலாகவும் தூக்கமின்மையாகவும் உணர்கிறீர்கள். பெரும்பாலானவர்களுக்கு இது முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரங்களில் அடங்கிவிடும். நான்காம் நாளில் பதற்றம் அதிகமாக இருப்பதைப் பார்த்து நமக்கு இது ஒத்துவராது என்று முடிவு செய்துவிடாதீர்கள். என் முதல் முயற்சியில் நான் செய்த தவறு அதுதான்.

அடுத்து, ஆசை நாள் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அலை போல எழுந்து, பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தணிந்துவிடும். நான் கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்ட பிறகு காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலையை நோக்கி நடக்கத் தொடங்குவேன். பாதித் தூரம் போவதற்குள் அந்த அலை இறங்கியிருக்கும். கையில் ஏலக்காயோ சோம்போ வைத்திருப்பேன். உங்களுக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரை இருக்கிறது.

காபி, டீ பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். புகையில் உள்ள சில பொருள்கள் காஃபினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிடுகின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்துவிடுவதால், வழக்கமாகக் குடிக்கும் அதே காபி உடம்பில் அதிக நேரம் தங்குகிறது. உங்களுக்கு வரும் படபடப்பிலும், 2 மணிக்குக் கலையும் தூக்கத்திலும் இதற்கும் பங்கு இருக்கக்கூடும். அளவைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். அந்த டீக்கடையை ஒரு மாதத்துக்கு அடியோடு தவிர்த்துவிடுங்கள். வீட்டிலிருந்து பிளாஸ்கில் மோரோ சுக்குக் கஷாயமோ கொண்டுபோய், வண்டியை நிறுத்தாமல் நேரே வீட்டுக்கு வாருங்கள். நண்பர்களுக்குக் காரணத்தைச் சொன்னால் போதும், அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

“ஒன்றே ஒன்று” பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். இன்னொரு முயற்சியின் ஒன்பதாம் நாள், உறவினர் வீட்டுப் புதுமனை புகுவிழாவின் இரவில் சிறிது மது அருந்தினேன். அதன் பிறகு நீட்டப்பட்ட சிகரெட்டை மறுக்கும் உறுதி என்னிடம் இல்லை. மறுநாள் மூன்று, அடுத்த வாரம் பழையபடி ஒரு பாக்கெட். எங்கள் ஊரில் மது எங்கே திரும்பினாலும் கிடைக்கும். ஆகவே முதல் சில வாரங்களாவது அதையும் ஒதுக்கி வையுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

பதில் 2: மருந்தாளுநர், வில்லியனூர்

ஐயா, உங்கள் இருமலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் சளியை மேலே தள்ளும் நுண்ணிய இழைகள் உள்ளன. புகை அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. புகை நின்றதும் அவை மீண்டும் வேலை செய்யத் தொடங்குவதால் தேங்கிய சளி வெளியேறுகிறது. இது சில வாரங்களில் குறைய வேண்டும். சளியில் இரத்தம் தெரிந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, எடை குறைந்தாலோ, இருமல் குறையாமலே தொடர்ந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மலச்சிக்கலும் நிகோடின் நின்றதால் குடலின் இயக்கம் மந்தமாவதால் வருவதுதான். தண்ணீர், கீரை, வாழைப்பழம் ஆகியவை உதவும்.

சூயிங்கம் இன்னொரு பழக்கமாகிவிடுமோ என்ற தயக்கம் என் கடைக்கு வருபவர்களிடமும் உண்டு. சிகரெட்டின் நிகோடின் சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. அந்த வேகம்தான் பிடியை இறுக்குகிறது. சூயிங்கத்தில் அது வாயின் உட்தோல் வழியாக மெதுவாக இறங்குவதால் பிடி தளர்வாகவே இருக்கும்; தாரும் கார்பன் மோனாக்சைடும் அதில் இல்லை. 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரு அளவுகள் உண்டு. விழித்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைத்தவர்களுக்குப் பெரிய அளவு தேவைப்படலாம். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள் முதலியோர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

இதைப் பயன்படுத்தும் முறையில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்று எச்சிலை விழுங்கினால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் வரும். வாயில் காரம் தெரியும் வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைத்து, காரம் குறைந்ததும் மீண்டும் மெல்ல வேண்டும். ஒன்று ஏறத்தாழ அரை மணி நேரம் வரும். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபியும் குளிர்பானமும் கூடாது, ஏனெனில் அவற்றின் புளிப்பு நிகோடின் இறங்குவதைத் தடுக்கும். வழக்கமாக மூன்று மாதங்களுக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம். சிகரெட்டுக்குப் பதிலாக மெல்லும் புகையிலைக்கு மட்டும் போய்விடாதீர்கள். அது வாய்ப்புற்றுநோய்க்கான பாதை.

இன்னொரு செய்தியும் உண்டு. ஆஸ்துமாவுக்குத் தியோபிலின் மாத்திரை எடுப்பவர்களுக்குப் புகை நின்றதும் இரத்தத்தில் அதன் அளவு கூடும். அப்படி ஏதேனும் எடுக்கிறீர்கள் என்றால் அளவை மருத்துவரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். 1800112356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண் சிகரெட் பாக்கெட்டின் எச்சரிக்கைப் படத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. அதில் ஆலோசகர்களுடன் பேசலாம். அப்படியும் முடியவில்லை என்றால் மாத்திரைகள் உண்டு, ஆனால் அவற்றை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும்.

பதில் 3: ஒரு குடும்பத் தலைவி, மஞ்சக்குப்பம்

அண்ணா, என் கணவர் விட்டபோது எங்கள் வீடு பட்ட பாட்டை வைத்து எழுதுகிறேன். உங்கள் மகளிடம் இன்றே பேசிவிடுங்கள். “அப்பாவின் உடம்பு ஒரு பழக்கத்தை விடப் போராடுகிறது, இன்னும் சில நாட்களுக்குக் கோபம் வரலாம், அது உன்மேல் உள்ள கோபம் இல்லை, ஆனாலும் நோட்டை எறிந்தது என் தவறு” என்று சொல்லுங்கள். குழந்தைகள் நாம் நினைப்பதைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள். காரணம் தெரியாத கோபம்தான் அவர்களைக் கலங்க வைக்கும். எங்கள் மகன் அதன் பிறகு நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தான்.

உங்கள் மனைவி இதைப் படித்தால் அவருக்கும் ஒரு வார்த்தை. நான் தினமும் என் கணவரின் சட்டையை முகர்ந்து பார்த்தேன், “இன்றும் பிடிக்கவில்லைதானே?” என்று வாசலிலேயே கேட்டேன். அக்கறையால் கேட்டாலும் அவருக்கு அது விசாரணையாகவே பட்டது என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். கேட்பதை நிறுத்திவிட்டு, அவர் வரும் நேரத்துக்குச் சூடாக இட்லி வைத்தேன். சாப்பிட்டதும் இருவரும் கெடிலம் ஆற்றுப் பாலம் வரை நடந்துவிட்டு வந்தோம். வண்டிப் பெட்டியில் கிடந்த லைட்டரையும் பீரோவின் மேல் இருந்த சாம்பல் கிண்ணத்தையும் அவரே எடுத்து எறிந்தார். அதை நான் செய்யாமல் விட்டது நல்லதாயிற்று.

கேள்வி கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று பன்னிரண்டாம் நாள். வியாழன் இரவே மகளிடம் பேசினேன். அவள் நோட்டைக் கொண்டுவந்து மீண்டும் அதே கணக்கைக் கேட்டாள், இருவரும் சேர்ந்து போட்டோம். சூயிங்கத்தை மருந்தாளுநர் சொன்ன முறையில் பயன்படுத்துகிறேன். முதல் நாள் அவசரமாக மென்று விக்கல் எடுத்தது, பிறகு பழகிவிட்டது. காலை டீயை விட்டுவிட்டு மோருக்கு மாறியதிலிருந்து 4 மணி வரை தூங்க முடிகிறது. இருமல் இன்னும் இருக்கிறது, ஆனால் சளி குறைந்திருக்கிறது. டீக்கடை நண்பர்களில் ஒருவர் நேற்று என்னைத் தனியாக அழைத்து, அந்தச் சூயிங்கம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். இன்று மாலை அவரையும் அழைத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போகிறேன்.