சித்தப்பா ஓய்வு விழா (சித்தப்பா இல்லாத குழு)

பிரியா: கேக்கில் போட வேண்டிய படத்தை மாலை 5 மணிக்குள் அனுப்பச் சொல்கிறார்கள். சித்தப்பாவுக்குப் பிடித்த ஃபுட்பால்காரர் இவர்தானே?

பிரியா: (படம்)

கார்த்தி: அக்கா அது ரூனி 😂

கார்த்தி: சித்தப்பா கேக்கை விட்டுவிட்டு உன்னை வெட்டுவார்

சுரேஷ்: அப்பாவுக்கு ஆலன் ஷியரர். நியூகாசில்.

செல்வி அத்தை: முட்டை போடாத கேக்தானே? அம்மா தொட மாட்டார்

பாலு மாமா: பிரியா, ஆளைத் தெரியாமல் படம் தேடாதே, நான் சொல்கிறேன். ஷியரர் 1970இல் நியூகாசில் பக்கம் கோஸ்ஃபோர்த்தில் பிறந்தவர், அப்பா தகரத் தொழிலாளி. ஆனால் விளையாட்டு தொடங்கியது இங்கிலாந்தின் தெற்கு முனையில், சவுத்தாம்ப்டனில். 1988 ஏப்ரலில் முதல்முறையாகத் தொடக்கத்திலிருந்தே இறக்கினார்கள், வயது 17, எதிரில் ஆர்சனல், பையன் மூன்று கோல் போட்டான். 1992இல் பிளாக்பர்ன் வாங்கியது, 1994-95இல் 34 கோல், லீக் பட்டம். எப்படிக் கொண்டாடப் போகிறீர்கள் என்று கேட்டால், வீட்டு வேலிக்கு மருந்து பூசப் போகிறேன் என்றாராம்!

விமலா சித்தி: இங்கே கேட் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதையும் யாராவது அவரிடம் சொல்லுங்கள்

பாலு மாமா: முடிக்கவில்லை. 1996இல் மான்செஸ்டர் யுனைடெட் கூப்பிட்டது. ஃபெர்குசனே பேசினார். இவர் சொந்த ஊர் டீமான நியூகாசிலுக்குப் போனார். 1.5 கோடி பவுண்டு, அன்றைக்கு உலகத்திலேயே பெரிய தொகை.

கார்த்தி: எங்களிடம் வந்திருந்தால் அலமாரி நிறையக் கப். அங்கே பத்து வருஷம், ஒன்றுமில்லை. 1998, 1999 இரண்டு எஃப்ஏ கப் ஃபைனலிலும் தோல்வி, இரண்டாவது எங்களிடம்

செல்வி அத்தை: வந்த நல்ல வாய்ப்பை விட்டு ஊரிலேயே உட்கார்ந்தாரா, அப்போ ரத்தினத்துக்குப் பிடிக்காமல் என்ன. துபாய் விசா கையில் வந்தும் போகவில்லையே

செல்வி அத்தை: ஊரில் இருந்தவனுக்குத்தானே வீடும்

சுரேஷ்: அத்தை

விமலா சித்தி: மாமா படுக்கையில் கிடந்தபோதும் ஊரில் இருந்தவர்தான் பார்த்தார் மைனி

செல்வி அத்தை: நான் பொதுவாகச் சொன்னேன்

பிரியா: படம் படம் படம்

சுரேஷ்: கோல் அடித்ததும் வலது கையை உயர்த்தி, உள்ளங்கையை விரித்துக்கொண்டு ஓடுவார். அதுதான் வேண்டும். கறுப்பு வெள்ளைப் பட்டைச் சட்டை.

செல்வி அத்தை: நல்ல காரியத்துக்குக் கறுப்பா

கார்த்தி: அதானே

பாலு மாமா: பிளாக்பர்ன் சட்டை நீலமும் வெள்ளையும். பட்டம் வாங்கியதும் அதில்தான். அதைப் போடலாமே?

சுரேஷ்: அப்பா ஒத்துக்கொள்ளவே மாட்டார் மாமா. அவருக்கு கல்லிட் கதைதான் எல்லாமே.

பிரியா: எந்த கல்லிட்

கார்த்தி: ஐயோ கேட்டுவிட்டாள்

பாலு மாமா: 1999 ஆகஸ்ட், சண்டர்லாந்துடன் ஆட்டம், பக்கத்து ஊர்ப் பகை, கொட்டுகிற மழை. கோச் ரூட் கல்லிட், கேப்டன் ஷியரரையே பெஞ்சில் உட்கார வைத்தார். 2-1 தோல்வி. மூன்றே நாளில் கல்லிட் மூட்டை கட்டினார். அடுத்து வந்தவர் பாபி ராப்சன், அவரும் அந்தப் பக்கத்து ஆள். சொந்த மைதானத்தில் அவருடைய முதல் ஆட்டம், ஷெஃபீல்டு வெட்னஸ்டேவுக்கு எதிராக 8-0, அதில் ஷியரர் மட்டும் 5. என் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டே ரத்தினம் இதைச் சொன்னான், அந்த வரிசைக்கே சோறு ஆறிப்போனது.

கார்த்தி: 2009இல் அவரே கோச்சாக வந்து 8 ஆட்டத்தில் 1 வெற்றி, டீம் கீழ் லீக்குக்கு இறங்கியது. அந்தக் கதையைப் பந்தியில் சொல்வாரா

சுரேஷ்: பிரீமியர் லீக்கில் 260 கோல். நீ பேசாதே.

விமலா சித்தி: போன வருஷம் மார்ச்சா அதற்கு முந்தினதா, அந்த டீம் கப் வாங்கியது என்று ராத்திரி கத்தினார், பக்கத்து வீட்டில் விளக்கைப் போட்டுவிட்டார்கள்

சுரேஷ்: 2025 அம்மா. லிவர்பூலுடன்.

பிரியா: மணி 4.40. கறுப்பா நீலமா?

சுரேஷ்: கறுப்பு

செல்வி அத்தை: ஓரத்தில் மஞ்சள் பூ வைத்தால் பரவாயில்லை

கார்த்தி: மஞ்சள் பூவோடு ஷியரர்

பாலு மாமா: நீலத்தையும் ஒரு தடவை யோசியுங்கள்

பிரியா: இரண்டு படத்தையும் அனுப்பிவிட்டேன், எது நன்றாகப் பதிகிறதோ அதைப் போடுவார்களாம். கேக் 2 கிலோ போதுமா?

விமலா சித்தி: நாகர்கோவில் ஆட்கள் எத்தனை பேர் என்றே இன்னும் யாரும் சொல்லவில்லை

செல்வி அத்தை: வேன் யார் பேசுகிறார்கள்?