சோடியம் சேனல் கசிஞ்சா தசை விறைக்கணுமா, செயலிழக்கணுமா?

கடைசிபெஞ்ச்:
பிசியாலஜி படிச்சிட்டு இருக்கேன், ஒரு இடத்துல மண்டை காயுது. எஸ்சிஎன்4ஏ ஜீன்ல கோளாறு, தசை சவ்வுல இருக்க சோடியம் சேனல் சரியா மூடாம கசியுது. கசிஞ்சா தசை ஓவரா துடிச்சு விறைக்கணும், பாராமயோடோனியாங்கற தசை விறைப்பு நோய்ல அதான் நடக்குது, சரி. ஆனா ஹைப்பர்கலீமிக் பீரியாடிக் பாராலிசிஸ்லயும் (ரத்தத்துல பொட்டாசியம் ஏறறப்ப அப்பப்ப வர்ற வாதம்) அதே சேனல் தான், அங்க ஆள் கை கால் தூக்க முடியாம படுத்துடறார். எப்படிங்க?

ராக்கோழி:
எவ்ளோ கசியுதுங்கறதுல தான் விஷயமே. சும்மா இருக்க தசை நார் சுமார் மைனஸ் 85 மில்லிவோல்ட்ல நிக்கும். லேசா மேல ஏறுனா சேனல் திறக்கற அளவுக்குப் பக்கத்துல வந்துடும், லேசா தூண்டுனாலே துடிக்கும், அது விறைப்பு. அதுவே மைனஸ் 60, 50 வரைக்கும் ஏறி அங்கயே உக்காந்துட்டா சோடியம் சேனல் எல்லாம் இனாக்டிவேட் ஆயிடும், அதாவது பூட்டிக்கும், வோல்டேஜ் கீழ இறங்குற வரை திறக்காது. இதுல கொடுமை என்னன்னா பாதி சேனல் நல்ல ஜீன் காப்பில இருந்து வந்தது, அதுங்களும் சேர்ந்து பூட்டிக்கும். நரம்பு என்ன கத்தினாலும் தசைக்குக் கேக்காது.

இறுக்கப்பிடி:
எனக்கு மயோடோனியா கன்ஜெனிட்டா, பிறவியிலேயே வர்ற தசை விறைப்பு நோய், எங்களுது குளோரைடு சேனல், சிஎல்சி-1. கைய இறுக்கி மூடிட்டுத் திறந்தா விரல் ஒண்ணொண்ணா மெதுவா தான் விரியும், அதையே நாலஞ்சு தடவை செஞ்சா சரியாயிடும். தசைல ஊசி வெச்சு மின் துடிப்ப டெஸ்ட் பண்ணப்ப ஸ்பீக்கர்ல பைக் ஆக்சிலேட்டர முறுக்கி முறுக்கி விடற மாதிரி சத்தம், எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. 1876ல தாம்சன்னு ஒரு டேனிஷ் டாக்டர் தன் குடும்பத்துலயே இருந்த இதப் பத்தி எழுதினார்.

ராக்கோழி:
ஆமாங்க, ஓய்வுல இருக்க தசை சவ்வோட கடத்துதிறன்ல முக்கால்வாசிக்கு மேல குளோரைடு தான். ஒவ்வொரு துடிப்புக்கும் பொட்டாசியம் வெளிய வந்து டி-டியூப்ங்கற, சவ்வு உள்பக்கம் மடிஞ்சு போற சந்துக்குள்ள தேங்கும், அது சவ்வ மேல தூக்கப் பாக்கும், குளோரைடு தான் கீழ பிடிச்சு இழுக்கும். பிடி இல்லன்னா நரம்பு நிறுத்தின பிறகும் தசை தானா துடிச்சிட்டே இருக்கும்.

கடைசிபெஞ்ச்:
ஓ அப்ப பிடிக்க ஆளில்லாததும் விறைப்பு, லேசா தள்ளி விட்டாலும் விறைப்பு! சரி, பொட்டாசியம் குறைஞ்சு வர்ற பாராலிசிஸ்? வெளிய பொட்டாசியம் குறைஞ்சா வோல்டேஜ் இன்னும் கீழ தான போகணும்?

ராக்கோழி:
நல்ல தசைல கீழ தான் போகும். அந்த நோய்ல சேனல்ல வோல்டேஜ உணர்ற பகுதில (வோல்டேஜ் சென்சார்) ஆர்ஜினின்ங்கற ஒரு அமினோ அமிலம் மாறிப்போயி, மெயின் துளைக்குப் பக்கத்துல தனியா ஒரு சின்ன ஓட்டை விழுந்துடும், அது தசை ஓய்வுல இருக்கப்பவும் ஒழுகிட்டே இருக்கும். வெளிய பொட்டாசியம் குறையறப்ப சவ்வ கீழ இழுத்துப் பிடிக்கற பொட்டாசியம் சேனலோட கரண்டும் குறையுது, ஒழுகல் ஜெயிச்சிடுது, சவ்வு மைனஸ் 60க்குத் தாவிடும். அப்புறம் மேல சொன்ன அதே பூட்டு தான்.