பேராவூரணி பக்கம் தனி வீடு, அம்மா மட்டும்: வாசலுக்கும் கொல்லைக்கும் என்ன லைட் போடலாம்?

கடைமடைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஷார்ஜால வேலை பாக்குறேன். ஊர் பேராவூரணி பக்கம். அப்பா தவறின பிறகு வீட்டுல அம்மா மட்டும்தான். வயசு 71, ரெண்டு கண்ணுக்கும் புரை ஆபரேஷன் ஆயிருக்கு.

ரோட்டு கேட்டுலேர்ந்து திண்ணை வரைக்கும் 60 அடி சிமெண்ட் பாதை. ரெண்டு பக்கமும் தென்னை. திண்ணைக்கு ஏற மூணு படி. இடது பக்கம் போர் மோட்டார். பின்னாடி கொல்லை, கக்கூஸ் அங்க தனியா, பின்கதவுலேர்ந்து 25 அடி தள்ளி. ராத்திரி எப்படியும் அம்மா எழுந்து அங்க போயாகணும். இப்ப பின்கதவு நிலைக்கு மேல ஒரே ஒரு குண்டு பல்பு.

போன மாசம் பக்கத்துத் தோப்புல எவனோ மோட்டார் வயர அறுத்து எடுத்துட்டுப் போயிட்டான். அதுலேர்ந்து அம்மா சரியாத் தூங்குறதில்ல. உள்ளூர் எலெக்ட்ரீஷியன், மாடி நாலு மூலைக்கும் 50 வாட் ஃப்ளட் லைட் போட்டா பகல் மாதிரி இருக்கும்ங்குறார். மச்சான், வயரே வேண்டாம், சோலார் போதும்ங்குறான். 15,000 வரைக்கும் செலவு பண்ணலாம். வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு. ஊருக்குப் போக இன்னும் நாளாகும், போன்லயே சொல்லிச் செய்யணும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வாய்க்கால்கரை:

ஃப்ளட் லைட்டே போடுங்க ப்ரோ. திருடனுக்கு வெளிச்சம்னாதான் பயம். எங்க வீட்டுல சென்சார் வெச்ச ஃப்ளட் லைட் ரெண்டு இருக்கு, ஆள் வந்தா பளிச்சுனு எரியும்.

பியூஸ்கட்டை:

தம்பி, தஞ்சாவூர் பக்கம் வயரிங் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்யறவன் நான். வயசானவங்க தனியா இருக்குற வீடு நிறையப் பாத்துருக்கேன். நீங்க திருடன நெனச்சுக் கேக்குறீங்க. எனக்கு உங்க கேள்வியில மொதல்ல கண்ணுல படுறது அந்த 25 அடியும் மூணு படியும்தான். அம்மா கால் வைக்கிற இடம் தெரியணும். அத மொதல்ல முடிப்போம்.

மாடி மூலையில ஃப்ளட் லைட் மாட்டினா என்ன ஆகும்னு பாருங்க. கொல்லைக்குப் போறப்ப வெளிச்சம் அம்மாவுக்கு முதுகுப்பக்கம். அவங்க நிழலே அவங்க காலடியில விழுந்து, கால் வைக்கிற இடம் தெரியாது. திரும்பி வர்றப்ப அதே லைட் நேரா கண்ணுல அடிக்கும். வயசாக ஆக வெளிச்சமும் கூட வேணும், கூச்சமும் கூடும். இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் மாறி மாறிக் கண் பழகவும் நேரம் பிடிக்கும். அதனால அம்மா நடக்குற வழியில சென்சார் வெச்சுப் பளிச்சுனு எரிஞ்சு அணையற லைட்டு மட்டும் இருக்கவே கூடாது. கக்கூஸ்ல உக்காந்துருக்கும்போது வெளிய லைட் அணைஞ்சு போனா, கதவத் தொறந்து இருட்டுலதான கால வைக்கணும்?

கொல்லைப் பாதைக்கு முழங்கால் உயரத்துல 3 வாட் எல்.இ.டி., வெளிச்சம் தரையப் பாத்து மட்டும் விழுற மாதிரி, 8 அடிக்கு ஒண்ணா மூணு போதும். பல்போ தகடோ கண்ணுக்கு நேராத் தெரியாம மேல மூடி இருக்குறதா வாங்கச் சொல்லுங்க. திண்ணைப் படிக்கு, பக்கச் சுவத்துல பதிக்கிற ஸ்டெப் லைட் ரெண்டு. படி விளிம்புல வெள்ளை பெயிண்ட் ஒரு கோடு அடிச்சுடுங்க, அதுக்குச் செலவே இல்ல. இந்த அஞ்சும் சாயந்திரம் பொழுது சாஞ்சதும் தானா எரிஞ்சு விடிஞ்சதும் அணையணும். அதுக்கு டே-நைட் சென்சார் ஒண்ணே போதும், ஆனா அந்த சென்சார் மேலயே லைட் வெளிச்சம் படக் கூடாது. பட்டா விடிஞ்சுடுச்சுன்னு நெனச்சு அணைஞ்சு அணைஞ்சு எரியும்.

கரண்ட் கணக்கையும் பாத்துடுங்க. 50 வாட் ஃப்ளட் லைட் ஒண்ணு ராத்திரி 12 மணி நேரம் எரிஞ்சா ரெண்டு மாச பில்லுக்கு 36 யூனிட். நாலுக்கு 144. நான் சொல்ற அஞ்சு லைட்டும் சேத்து 15 வாட், ரெண்டு மாசத்துக்கு 11 யூனிட்தான். அத இன்வெர்ட்டர் லைன்லயே கொடுத்துடலாம், கரண்ட் போனாலும் அம்மாவுக்குத் தெரியவே தெரியாது.

சென்சார் லைட்ட கேட்டுப் பக்கமும் மோட்டார் பக்கமும் வையுங்க, ஒவ்வொண்ணும் 20 வாட் தாராளம். சாதாரணமா கடையில கிடைக்கிறது பி.ஐ.ஆர். சென்சார். அது உடம்புச் சூடு நகர்றதப் பாக்குது. நேரா அத நோக்கி நடந்து வர்றவனக் கண்டுபிடிக்க லேட்டாகும், குறுக்க நடந்தா ஒடனே பிடிக்கும். அதனால கேட்டுக்கு நேர் எதிர்ல மாட்டாம, பாதையப் பக்கவாட்டுல பாக்குற மாதிரி ஏழெட்டு அடி உயரத்துல மாட்டணும். சித்திரை வைகாசியில சுத்துப்புறமே உடம்புச் சூட்டுக்குக் கிட்ட வந்துடும், அப்ப சென்சாருக்குப் பிடிபடறது கொறையும். அடியில மூணு திருகு இருக்கும்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எவ்வளவு இருட்டுனதும். கோடையில தூரத்தக் கூட்டி வைக்கச் சொல்லுங்க. மைக்ரோவேவ் சென்சார்னு ஒண்ணு காட்டுவாங்க, அது மட்ட ஆடினாலும் எரியும், தென்னந்தோப்புக்கு ஆகாது.

இப்ப வயரிங். இதுலதான் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெளி லைட்டுக்கு எல்லாம் சேத்துத் தனி எம்.சி.பி. (லோடு கூடினா தானா விழுற ஸ்விட்ச்), கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா கட் பண்றது) கட்டாயம். ஈரத் தரையில வெறுங்காலோட நடக்குற மனுஷி, எங்கயாவது கசிவு இருந்தா அதுதான் உயிரக் காப்பாத்தும். எர்த் ஒழுங்கா இருக்கான்னு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. மண்ணுக்குள்ள வயர வெறுமனே புதைக்காம கனமான பி.வி.சி. பைப்ல விடணும், எலி கடிக்கும், மம்பட்டி படும். ரெண்டு பாதி வயர முறுக்கி டேப் சுத்தி மண்ணுக்குள்ள விடறவங்கள வாசலுக்குள்ளயே விடாதீங்க. ஜாயிண்ட் எல்லாம் தரைக்கு மேல பாக்ஸ்ல இருக்கணும்.

தூசியும் தண்ணியும் உள்ள போகாம எவ்வளவு தாங்கும்னு சொல்றதுதான் ஐ.பி. நம்பர். திறந்தவெளியில மழை படுற லைட்டு ஐ.பி. 65 இருக்கணும், தாழ்வாரத்துக்குள்ள ஐ.பி. 44 போதும். வயர் லைட்டுக்குள்ள நுழையறது அடிப்பக்கமா இருக்கணும், நுழையறதுக்கு முன்னாடி கொஞ்சம் தொங்கி மேல ஏறணும். தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும். ஓட்டையைச் சுத்தி சிலிகான் அடைக்கணும். மழைய விட எறும்புதான் நம்ம ஊர்ல லைட்டக் கெடுக்குது. போன வாரம் ஒரு கேட் லைட்டக் கழட்டினேன், உள்ள மண்ணும் முட்டையுமா டிரைவர் போர்டே தெரியல, ரெண்டு முனையும் பச்சை பூத்துக் கிடந்துச்சு.

தாழம்புதர்:

பியூஸ்கட்டை அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்குங்க தம்பி. நான் ஒரத்தநாடு பக்கம், எங்களுக்கும் கொல்லைதான். பால் வெள்ளை லைட் வாங்காதீங்க. அட்டைப்பெட்டியில வெளிச்சத்தோட நிறத்தச் சொல்ற நம்பர் 6500ன்னு போட்டுருக்கும். அதுல பூச்சி அம்மும். மழை பெஞ்ச மறுநாள் ஈசல் வந்துச்சுன்னா வாசல் பூரா றெக்கையாக் கிடக்கும். பூச்சியத் தின்னத் தவளை வரும், தவளையத் தேடிப் பாம்பு வரும். 2700, இல்லன்னா 3000 போட்ட மஞ்ச வெளிச்சத்துக்குப் பூச்சி கொறவு. வெளிச்சம் இருந்தா பாம்பு வராதுன்னு நெனச்சுடாதீங்க, கட்டுவிரியன் ராத்திரியிலதான் நடமாடும். அம்மா கையில டார்ச் இருக்கட்டும், பாதை ஓரம் மட்டையும் செங்கல்லும் குவிச்சு வைக்க வேண்டாம்.

சோலார மொத்தமா ஒதுக்காதீங்க. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப நம்ம பக்கம் எத்தன நாள் கரண்ட் இல்லாமக் கிடந்தோம்னு உங்களுக்கே தெரியும். இன்வெர்ட்டரும் மறுநாளே படுத்துடுச்சு.

பியூஸ்கட்டை:

அக்கா சொல்றது சரி. பாதைக்கு சோலார நம்பாதீங்க, தென்னை நிழல்ல சார்ஜ் ஏறாது, ஐப்பசி கார்த்திகையில மூட்டம் போட்டா நடுராத்திரிக்கு முன்னாடியே அணைஞ்சுடும். கேட்டுக்கு மட்டும் ஒண்ணு வாங்குங்க, பேனலும் லைட்டும் தனித்தனியா வயரோட வர்ற மாடல். பேனல் மாடியில தெற்கப் பாத்து லேசாச் சாஞ்சு இருக்கட்டும். பேட்டரிய மாத்த முடியுமான்னு கேட்டு வாங்குங்க.

கடைமடைக்காரன்:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. இத அப்படியே எலெக்ட்ரீஷியனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன். ஆர்.சி.சி.பி. பத்திக் கேட்டப்ப, மெயின்ல எம்.சி.பி. இருக்கே, அது போதும்னாரு. ரெண்டும் வேற வேறயா? அம்மா கேக்குறது இன்னொண்ணு: ஏதாவது சத்தம் கேட்டா படுத்த இடத்துலேர்ந்தே எல்லா லைட்டையும் போட முடியுமான்னு.

பியூஸ்கட்டை:

ரெண்டும் வேற தம்பி. எம்.சி.பி. லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோதான் விழும். ஒரு ஆள் உடம்பு வழியாப் போற கரண்ட் அதுக்கு ஒண்ணுமே இல்ல, விழாது. ஆர்.சி.சி.பி. அந்தக் கசிவப் பாத்துதான் கட் பண்ணுது. அது இல்லாம வேலைய ஆரம்பிக்க வேண்டாம்னு கண்டிப்பாச் சொல்லிடுங்க. அதுல டெஸ்ட் பட்டன் ஒண்ணு இருக்கும், மாசம் ஒருதடவை அமுக்கச் சொல்லி அம்மாவுக்குக் காட்டிக் கொடுக்கச் சொல்லுங்க.

அம்மா கேட்டது நல்ல யோசனை. சென்சார் லைட்டு ரெண்டுக்கும் சென்சாரத் தாண்டி நேரா எரியற மாதிரி இன்னொரு லைன் இழுத்து, கட்டிலுக்குப் பக்கத்துல கை எட்டுற உயரத்துல ஒரு ஸ்விட்ச். இருட்டுலயே தெரியற மாதிரி சின்னச் சிவப்பு இண்டிகேட்டர் வெச்சதா இருக்கட்டும். சுவத்தை உடைக்க வேண்டாம், கேசிங் பட்டியிலயே கொண்டுபோகலாம். எலெக்ட்ரீஷியனுக்குச் சந்தேகம்னா எனக்கு இங்க தனி மெசேஜ் போடச் சொல்லுங்க, வரைஞ்சே அனுப்புறேன்.